வீட்டுக்கு ஒரு பதிலி

(கோவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அப்பாவோ அப்பிச்சியோ மில்லுக்குப் போயிருப்பார். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் பஞ்சாலையைத் தொடங்கியதையும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியதையும் கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையிலிருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் பதிலி. நிரந்தரத் தொழிலாளி வராத அன்று மெஷின் நின்றுவிடக் கூடாது என்பதற்காக மில் வாசலில் காத்திருந்தவர். பதிலிகளுக்கு நடந்த அநியாயம் தனிக்கதை. வருஷக்கணக்கில் பதிலியாகவே வைத்திருந்து வேலை வாங்கிய நிர்வாகங்கள் உண்டு. ஆனாலும் ஒரு விஷயத்தை ஆலை முதலாளியே ஒப்புக்கொண்டிருந்தார். மெஷின் முன்னால் நிற்பவருக்குக் காய்ச்சல் வரும், வீட்டில் நல்லது கெட்டது வரும், அன்றைக்கு அந்த இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்று எழுதியே வைத்தது.

இதே ஊரில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு வார விடுமுறை கிடையாது, பதிலியும் கிடையாது. முதுகுத்தண்டு அடிபட்ட மகனைத் தினமும் தூக்கி உட்கார வைக்கும் அம்மாவுக்கும், மறதி நோய் வந்த மனைவிக்குச் சோறு ஊட்டிவிடும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் அதே நிலைமைதான். நோயாளியைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளை. அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. விடியக்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பிவிட்டு இந்த அம்மா உள்ளே வருவார். ராத்திரி நனைந்த துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, பவுடர் போட்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார். மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். திருப்பாவிட்டால் வால் எலும்பு மேல் தோல் முதலில் சிவக்கும், அப்புறம் கருக்கும், அப்புறம் குழி விழும். பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்துப் பாட்டியின் இடுப்புக்கு அடியில் விரித்து, அதைப் பிடித்து இழுத்துத் திருப்புகிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்சுகள் விரிப்பை வைத்துச் செய்கிற அதே வித்தையைத் தன் இடுப்பு வலியிலிருந்து தானே கண்டுபிடித்திருக்கிறார்.

"கடைசியா எப்பங்க வெளிய போனீங்க?" என்று கேட்டேன். "எங்கண்ணன் பையன் கல்யாணத்துக்குப் போனனுங்க. தாலி கட்டுனதும் ஓடியாந்துட்டனுங்க" என்றார். வாரத்தில் ஒரு மத்தியானம் சும்மா கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, கோயில், சினிமா, தூக்கம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். "பல்லு வலிங்க. ஆறு மாசமாச்சு. பல்லாஸ்பத்திரிக்குப் போய்ப் புடுங்கிட்டு வந்துருவனுங்க" என்றார்.

இன்றைய பேச்சின் விஷயம் இந்தப் பல் வலிதான். பார்த்துக்கொள்பவரின் ஓய்வு என்றதும் நாம் ஏதோ சொகுசுக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அந்த நாலு மணி நேரத்தில் அவர்கள் செய்ய நினைப்பது தங்கள் பி.பி.யைப் பார்ப்பது, பேங்க்கில் ஒரு கையெழுத்துப் போடுவது, பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்குக்குப் போய்வருவது போன்ற காரியங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டெல்டா கிராமத்தில் தெரு இருக்கும். ஒரு திண்ணையில் கூப்பிட்டால் அடுத்த திண்ணை திரும்பும். கொங்கில் பாதி வீடுகள் தோட்டத்துக்குள் இருக்கின்றன. பக்கத்து வீடு என்றால் இரண்டு காடு தாண்டி. வெளியாள் யாரையாவது வேலைக்கு வைக்கலாம் என்றால், பல்லடம் பக்கம் 2024-லும் சிவகிரி பக்கம் 2025-லும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு முகம் தெரியாத ஆளை உள்ளே விடவே ஜனங்கள் பயப்படுகிறார்கள். நாய் வாங்குகிறார்கள், கேமரா வைக்கிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, சொந்தபந்தம், நம் பக்கத்துப் பேச்சில் ஒரம்பரை, இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பெரியவர் விழுந்துவிட்டார் என்று தெரிந்ததும் காரில் ஆறு பேர் வருவார்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி. கட்டிலைச் சுற்றி நின்று, "எப்படி இருந்த மனுசன்!" என்பார்கள். அதற்குள் அந்த வீட்டு அம்மா அடுப்பைப் பற்ற வைத்து ஆறு காபி போட்டிருப்பார். ஒருவர் வர்மம் பார்க்கச் சொல்வார், இன்னொருவர் கேரளா எண்ணெய் சொல்வார். கிளம்பும்போது, "நல்லா பாத்துக்க அம்மிணி" என்பார்கள். அவர்கள் போன பிறகு கழுவ வேண்டிய டம்ளர் ஆறு கூடியிருக்கும்.

இப்படிக் கிண்டல் செய்துவிட்டு ஒரு ஆராய்ச்சியை மறைப்பது நியாயமில்லை. 1980-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட் என்பவரும் சகாக்களும், மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் சுமையை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதன் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அன்றைக்கு அவர்கள் பார்த்தது 29 குடும்பங்களை மட்டுமே, சின்ன ஆய்வுதான். நோய் முற்ற முற்றச் சுமை கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படித் தெரியவில்லை. நோயாளி எவ்வளவு தொந்தரவு கொடுக்கிறார் என்பதோடு சுமைக்குத் தொடர்பு காணோம். உறவினர்கள் எத்தனை முறை வந்து போகிறார்கள் என்பதோடு இருந்தது. அதிகம் வந்துபோன வீட்டில் சுமை குறைவு. ஆகவே ஒரம்பரை வரட்டும். ஹார்லிக்ஸோடு கூட ஒருத்தர் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து, "நீ போயிட்டு வா கண்ணு, நான் இருக்கறேன்" என்று சொல்லட்டும். ஆறு பேரில் ஒருவர் சொன்னால் போதும்.

ஆனால் அந்த ஒருவரே குறைந்துகொண்டு வருகிறார். கொங்குக் குடும்பங்கள் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஒற்றைப் பிள்ளை பெங்களூரிலோ டெக்ஸாஸிலோ இருக்கிறது. முன்பு நாலு மருமகள்கள் முறை போட்டுப் பார்த்தார்கள்; அவர்களுக்குள் சண்டையும் இருந்தது, ஆள் மாற்றமும் இருந்தது. இப்போது முறை போட ஆளில்லை. தமிழ்நாட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் பதினெட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது.

பார்த்துக்கொள்பவர் யார் என்பதிலும் நமக்குச் சந்தேகம் வேண்டாம். 2024-ம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். செய்கிற பெண்ணுக்கு ஒரு நாளில் 140 நிமிஷம் போகிறது, ஆணுக்கு 74. குழந்தை வளர்ப்பும் இதில் சேர்ந்தது. இன்னொரு கூட்டம் எந்தக் கணக்கிலும் சரியாக வராது. காலனி வீடுகளில் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் கூலிக்குப் போய்விடுவார். போகாவிட்டால் ராத்திரி அடுப்பு எரியாது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் தட்டில் மூடி வைத்த சோறுமாக நோயாளி சாயங்காலம் வரை தனியாகக் கிடப்பார். ஓய்வு கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது, வீட்டில் இருக்கவே வசதி இல்லாதவரை மறந்துவிடக் கூடாது.

பணம் இருப்பவர்களுக்கு வழி உண்டு. வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் முதியோர் குடியிருப்புகள் வரிசையாக வந்துவிட்டன. ஓய்வுபெற்றவர்களின் ஊர் என்றே கோவைக்குப் பெயர். ஏஜென்சியில் சொன்னால் ஹோம் நர்ஸ் அனுப்புவார்கள். நர்ஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது; பலருக்குப் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் இருபத்துநாலு மணி நேரமும் தங்கும் ஆள்தான். மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், வாரத்துக்கு நாலு மணி நேரம் என்றால் ஏஜென்சி சிரிக்கும். அந்தப் பெண்ணுக்கும் ஊரில் ஒரு அம்மா படுத்திருப்பார். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒருத்தியின் களைப்பை இன்னொருத்தியின் தலையில் மாற்றி வைப்பதை ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் இன்னொன்று செய்கிறார்கள். பெரியவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது, "ரெண்டு நாள் அட்மிட் பண்ணி குளுக்கோஸ் போடலாங்களா?" என்று டாக்டரிடம் கேட்பார்கள். டாக்டர்கள் கோபித்துக்கொள்வதும் உண்டு. கேட்பவருக்கு வேண்டியது குளுக்கோஸ் இல்லை என்பது டாக்டருக்கும் தெரியும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று தோட்டத்து வீட்டு வாசல் வரை வருகிறது. சர்க்கரை, பி.பி. மாத்திரை கொண்டுவரும் பெண், பிசியோதெரபிஸ்ட், வலி தணிக்கும் சிகிச்சைக்கான நர்ஸ் எல்லாரும் வருகிறார்கள். நல்ல திட்டம், ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் வருகிற எல்லோருடைய கண்ணும் கட்டிலின் மேல். பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் கேட்கும் கேள்வி, "மாத்திரை குடுத்தீங்களா?" கடும் ஊனமுற்றோருக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, அது டயப்பருக்கே போதவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று 24-வது பிரிவில் சொல்கிறது. தேசிய அறக்கட்டளையின் சமர்த் என்ற திட்டத்தில், மனவளர்ச்சி குன்றிய, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தங்க வைக்க இடம் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் உட்படப் பத்து மாநகராட்சிகளில் 25 அன்புச்சோலை பகல்நேர மையங்களை அறிவித்தார்கள். வேனில் ஏறி உட்காரக்கூடிய பெரியவருக்கு அது வரப்பிரசாதம். மூக்குக் குழாயோடு படுத்திருப்பவரை எந்த வேனில் ஏற்றுவது? மறதி நோய்க்காரரைப் புது இடத்தில் விட்டால் மிரண்டுபோவார். அவர் கட்டில் இங்கேதான் இருக்க வேண்டும். ஆள்தான் உள்ளே வர வேண்டும்.

ஆள் உள்ளே வரும் இந்த ஏற்பாடு இங்கிலாந்தில் பிறந்த விதம் சுவாரஸ்யமானது. டி.வி. சீரியல் பார்ப்பவர்களைப் பற்றி நாம் இளக்காரமாகப் பேசுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1960, 70களில் அங்கே 'கிராஸ்ரோட்ஸ்' என்று ஒரு சீரியல். ஒரு மோட்டலில் நடக்கும் குடும்பக் கதை. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள், ஜனங்கள் விடாமல் பார்த்தார்கள். அதில் சாண்டி என்ற இளைஞன் விபத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறான். கதையில் அவனுக்குச் சக்கர நாற்காலி இருந்தது. அவனை அதில் யார் தூக்கி உட்கார வைத்தது, யார் குளிப்பாட்டியது என்பது திரையில் வரவில்லை. ரக்பி என்ற ஊரில், நிஜமாகவே உடல் முடங்கி அம்மாவின் பராமரிப்பில் வாழ்ந்த ஒரு இளைஞருடன் சீரியல்காரர்களுக்குத் தொடர்பு ஏற்பட்டது. அந்த அம்மா படும் பாட்டைப் பார்த்த பிறகு ஏ.டி.வி. என்ற அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் பத்தாயிரம் பவுண்டு கொடுத்தது. 1974-ல் ரக்பியில், வீட்டுக்கு வந்து பொறுப்பை மாற்றிக்கொள்ளும் உதவியாளர் திட்டம் தொடங்கியது. அதற்குச் சீரியலின் பெயரையே வைத்தார்கள். கிராஸ்ரோட்ஸ் பிறகு நாடு முழுக்கப் பரவி, 2012-ல் இன்னொரு அமைப்போடு சேர்ந்து கேரர்ஸ் டிரஸ்ட் ஆனது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் அடிப்படை விதி. வருகிற உதவியாளர், குடும்பத்தில் பார்த்துக்கொள்பவர் என்ன வேலை செய்வாரோ அதைச் செய்ய வேண்டும், அவருக்குத் தோதான நேரத்தில் செய்ய வேண்டும். "நான் ஊசி போடுவேன், துணி மாற்ற மாட்டேன்" என்ற பேச்சே கிடையாது. பதிலி என்றால் அதுதானே? இவர் மெஷினை விட்ட இடத்தில் அவர் பிடிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போகாமல் வாளையாறு தாண்டினாலும் பாடம் உண்டு. கேரளம் 2008-லேயே வலி தணிப்பு சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளின் வழியாக நர்சுகளை வீடுகளுக்கு அனுப்புகிறது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் கொடுக்கிறது. 600 ரூபாயில் ஓய்வு வாங்க முடியாது. ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பது அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. குடும்பஸ்ரீ அமைப்பு தன் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து முதியோர், நோயாளி பராமரிப்புக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறது. படித்த நர்ஸ் இல்லாமல் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்குக் கோவாவிலிருந்து ஒரு பதில். மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. நிபுணர்கள் அல்லாத, உள்ளூர் ஆட்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போய்ப் பேசி உதவினார்கள். அவர்கள் போன வீடுகளில் பார்த்துக்கொள்பவரின் மனநிலை தேறியது. அது பதிலித் திட்டம் இல்லைதான். ஆனால் பயிற்சி பெற்ற பக்கத்து ஊர்ப் பெண் போதும் என்பதற்கு அது சாட்சி.

ஆக, நம் ஊருக்கு என் யோசனை இது. மக்களைத் தேடி மருத்துவத்துக்காக மகளிர் குழுவிலிருந்து வந்த பெண்கள் ஏற்கெனவே அந்தந்த வாசலுக்குப் போய்வருகிறார்கள். அவர்களை நாய்க்குத் தெரியும். தோட்டத்து வீட்டில் அதைவிடப் பெரிய அடையாள அட்டை கிடையாது. அதே குழுக்களிலிருந்து பதிலிகளை எடுப்போம். திருப்பிப் படுக்க வைப்பது, தூக்குவது, குழாயில் ஊற்றுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது, எப்போது 108-ஐக் கூப்பிடுவது என்பதையெல்லாம் பழக்க ஆள் இல்லாத ஊரா இது? கங்கா மருத்துவமனையில் முதுகுத்தண்டு மறுவாழ்வு மையமே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வாரம் நாலு மணி நேரம், அதே கிழமை, அதே ஆள். ஒரு ஊராட்சியில் ஐம்பது வீடு என்று வைத்தால் வாரத்துக்கு 200 மணி நேரம். வாரம் நாற்பது மணி வேலை என்றால் ஐந்து பெண்கள் போதும். வழியில் ஆகும் நேரத்துக்கும் லீவுக்கும் ஆறாவதாக ஒருவர், பதிலிக்கும் பதிலி வேண்டுமே! சம்பளம் பனியன் கம்பெனி சம்பளத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளத்துக்குத் திருப்பூர் பஸ் ஏறிவிடுவார்கள், ஏறுவதும் சரிதான். செலவை ஊராட்சியும் அரசும் தாங்கட்டும். வசதியுள்ள வீடு தன் பங்கைக் கட்டட்டும். காலனி வீட்டுக்கு நாலு மணி நேரம் போதாது, அங்கே தினமும் ஒரு நடை போய் வர வேண்டும்.

இரண்டு தடைகளை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, ஆள் அனுப்புகிறோம் என்றதும் பல வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஆளுங்க?" கேள்வியின் அர்த்தம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பொதுப்பணத்தில் நடக்கும் திட்டம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே கூடாது. சாதி பார்த்துத்தான் ஆள் வேண்டும் என்பவருக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் யார் கையால் ரத்தம் ஏற்றினார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இன்னொன்று பார்த்துக்கொள்பவரின் மனசுக்குள் இருப்பது. பதிலி வந்தாலும் அந்தப் பல் வலி அம்மா போக மாட்டார். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். "நாலு பேர் என்ன பேசுவாங்க" என்ற பயம் ஒரு பக்கம். இவ்வளவு வருஷம் நான் ஒருத்தி செய்ததை இன்னொருத்தி அரை மணியில் செய்துவிடுகிறாளே என்ற ஏக்கம் இன்னொரு பக்கம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் முதல் இரண்டு மூன்று தடவை பதிலி இவரோடு சேர்ந்தே வேலை செய்யட்டும். வேட்டியை மடித்துப் போடும் வித்தையை இவர் சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் முனகல் குறையும் என்பது எந்தப் பயிற்சியிலும் வராது, இவரிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது பதிலியின் முதல் வேலை.

இவ்வளவும் பகலுக்கு. இரவுக்கு என்ன வழி என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மறதி நோயாளிகள் பலர் பொழுது சாயும்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்குவார்கள். நம் தோட்டங்களில் கிணறுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவர்கூட இல்லாதவை எத்தனையோ. அந்த வீட்டில் ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஜெர்மனியில் 1995-ல் வந்த பராமரிப்புக் காப்பீட்டின் கீழ், பார்த்துக்கொள்பவர் லீவில் போனால் வருஷத்தில் சில வாரங்களுக்கு மாற்று ஆளுக்கான செலவை உச்சவரம்பு வரை கொடுக்கிறார்கள். இங்கே பணம் கிடைத்தாலும், தெருவிளக்கு இல்லாத இட்டேரி வழியாக ஒரு பெண்ணை ராத்திரி ஒன்பது மணிக்குத் தனி வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பை யார் ஏற்பது? அவருக்கு அங்கே என்ன பாதுகாப்பு? எவ்வளவு கொடுத்தால் நியாயம்? நைட் டியூட்டி பார்த்த நர்சுகள் சிலர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னைவிட உங்களுக்குத்தான் இது தெரியும். மைக்கை அங்கே கொடுங்கள், நான் பேனாவை எடுத்துக்கொள்கிறேன்.